வார்டு வாரச் செய்தி: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

காவிரிக் கரையில் உள்ள ஒரு நகராட்சியில், 2022 பிப்ரவரித் தேர்தலில் வார்டு உறுப்பினராக ஜெயித்து வந்தவள் நான். ஞாயிறுதோறும் காலையில் வார்டு மக்களுக்கு ஒரு பக்க அளவில் வாரச் செய்தி எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் போகும். செல்போன் இல்லாதவர்களுக்காக ரேஷன் கடைச் சுவரிலும் முக்கு டீக்கடையிலும் ஒட்டுவோம். அதைப் பற்றி வார்டுக்காரர்களும் மற்ற ஊர் கவுன்சிலர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நானும் ஒரு பேரூராட்சி உறுப்பினர்தான் அக்கா. வாரா வாரம் எழுத என்ன இருக்கிறது? எதில் தொடங்குவது?

தண்ணீரில் தொடங்குங்கள் தம்பி. எங்கள் வார்டில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி "தண்ணி எப்ப விடுவாங்க?" என்பதுதான். அதனால் முதல் வரி எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்பது. இரண்டாவது, பராமரிப்புக்காக மின்தடை என்றைக்கு என்பது. மாவு அரைக்கிறவர்களும் தையல் மிஷின் வைத்திருப்பவர்களும் அந்த வரியைப் பார்த்துத்தான் வாரத்தைத் திட்டமிடுகிறார்கள்.

திங்கள் முதல் சனி வரை கையில் ஒரு நோட்டு வைத்திருப்பேன். காலை ஆறு மணிக்குத் தூய்மைப் பணியாளர்கள் மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) கையெழுத்துப் போடும் இடத்துக்குப் போனால் பாதிச் செய்தி அங்கேயே கிடைத்துவிடும். எந்தச் சந்தில் சாக்கடை அடைத்திருக்கிறது, எந்த வீட்டில் குப்பையைப் பிரித்துத் தருவதில்லை, எங்கே நாய் குட்டி போட்டிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாதது இல்லை.

ஜூன் மாதம் எழுதிய ஒன்றைக் காட்டுகிறேன்: "மேல்நிலைத் தொட்டி வியாழன் அன்று கழுவப்படுகிறது, அன்று காலைத் தண்ணீர் இல்லை, புதன் இரவே பிடித்து வையுங்கள். மேட்டூர் திறந்தாகிவிட்டது. நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருவதற்குள் தூர் வாரும் வேலை முடிய வேண்டும். பாதிதான் முடிந்திருக்கிறது, வாழைத்தார்க் கடைக்குக் கிழக்கே இன்னும் ஆகாயத்தாமரை கிடக்கிறது. பள்ளி திறக்கிறது, தொடக்கப்பள்ளி வாசலில் காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை லோடு வண்டி நிறுத்த வேண்டாம். குடிக்கூலிக்கு வீடு தேடும் ஒரு குடும்பம் இருக்கிறது, இடம் இருந்தால் சொல்லுங்கள்." அவ்வளவுதான். "பாதிதான் முடிந்திருக்கிறது" என்று எழுதியதைப் பார்த்துவிட்டு மறுநாள் நான்கு பேர் கரையில் வந்து நின்றார்கள். வேலை வேகமெடுத்தது.

எங்கள் தெருச் சாலைக்கு "எஸ்டிமேட் போட்டாச்சு" என்று மூன்று மாதமாக எழுதுகிறீர்கள். உண்மையில் என்ன நடக்கிறது மேடம்?

நியாயமான கோபம். ஒரு தெருவுக்கு சிமென்ட் சாலை வர வேண்டுமென்றால் முதலில் நான் எழுதிக் கொடுக்க வேண்டும். உதவிப் பொறியாளர் வந்து அளந்து எஸ்டிமேட் போடுவார். அதற்கு எந்த நிதி என்று முடிவாக வேண்டும். நகராட்சிப் பொது நிதியா, அரசுத் திட்டமா என்பதைப் பொறுத்துத்தான் காத்திருக்கும் காலம். பிறகு நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி. நகர்மன்றக் கூட்டத்தில் பொருளாக வைத்துத் தீர்மானம். அப்புறம் டெண்டர். யாருமே டெண்டர் போடாமல் மறுபடி அழைப்பதும் உண்டு. ஒப்பந்ததாரர் முடிவானதும் பணி உத்தரவு. அதன் பிறகுதான் ஜல்லி வந்து இறங்கும்.

உங்கள் தெரு இன்றைக்கு நிதி முடிவாகாத இடத்தில் நிற்கிறது. "எஸ்டிமேட் போட்டாச்சு" என்று மட்டும் எழுதியது என் தவறுதான். இனி ஒவ்வொரு வேலைக்கும் எந்தப் படியில் நிற்கிறது, யார் மேஜையில் இருக்கிறது என்று சேர்த்தே எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் வருடம் ஒரு தெருவுக்கு "அடுத்த வாரம் வேலை தொடங்கும்" என்று எழுதிவிட்டேன். ஜல்லி மட்டும் வந்தது, ஆள் வரவில்லை. அந்தக் குவியலுக்கு எதிர் வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம். பந்தக்கால் நடக்கூட இடம் இல்லாமல், மணப்பெண்ணின் அப்பாவும் தம்பிகளும் ராத்திரி பத்து மணிக்கு பாண்டுச் சட்டியில் ஜல்லியை அள்ளி ஓரம் கட்டினார்கள். நானும் அள்ளினேன். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அன்றிலிருந்து பணி உத்தரவு என் கைக்கு வராமல் தேதி எழுதுவதில்லை.

குழாயில் முதலில் கலங்கலாக வருகிறது, சில நாள் சாக்கடை வாடையும் அடிக்கிறது. குடிக்கலாமா?

வாடை அடித்தால் குடிக்க வேண்டாம் அம்மா. கொதிக்க வைத்தும் வேண்டாம், அன்றைக்கு வேறு தண்ணீர் பாருங்கள். உடனே எனக்குச் சொல்லுங்கள், இரவு பத்தானாலும் பரவாயில்லை. எந்த வீடு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் வாடை இருந்தது என்ற மூன்றும் வேண்டும். உங்கள் வீட்டுக்கு முன்னும் பின்னும் எந்த வீட்டில் வாடை இல்லையோ, அந்த இடைவெளியில்தான் குழாய் உடைந்திருக்கும். குழாய் பிட்டர் தோண்ட வேண்டிய இடம் அப்படித்தான் குறையும்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், பழைய வீட்டு இணைப்புகள் பல சாக்கடைக்குள் புகுந்து போகின்றன. தண்ணீர் விடும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்கும், அதனால் ஓட்டை இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். அந்த நேரத்தில் நாலு வீட்டில் குழாயோடு மோட்டாரைச் சேர்த்து உறிஞ்சினால் அழுத்தம் போய், சாக்கடை நீர் ஓட்டை வழியாக உள்ளே இழுக்கப்படும். மோட்டார் போட்டவர் வீட்டுக்கும் அதே தண்ணீர்தான் போகிறது. தயவுசெய்து கழற்றிவிடுங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வருவதற்கு நாம் காரணமாக வேண்டாம்.

குளோரின் அளவை வாரம் ஒருமுறை கடைசித் தெருக் குழாயில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். சோதனைக் குப்பியில் மருந்து விட்டதும் தண்ணீர் மஞ்சளாக மாறினால் குளோரின் இருக்கிறது. அந்த அளவையும் இனி செய்தியில் போடுகிறேன்.

தெருவிளக்கு எரியவில்லை.

கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணை அனுப்புங்கள். "பிள்ளையார் கோயில் பக்கம்" என்றால் அங்கே ஆறு கம்பம் இருக்கிறது.

கிராமத்தில் கிராம சபை இருக்கிறது. நகரத்தில் நாங்கள் எங்கே போய்ப் பேசுவது?

கிராமத்தில் முன்பு வருடத்துக்கு நான்கு நாள்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. பிறகு மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறு ஆக்கினார்கள். நகரத்துக்கு அப்படி ஒன்று வெகுகாலம் இல்லை. 2022-இல் வார்டு குழுவுக்கும், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபைக்கும் விதிகள் வந்து, அந்த வருடம் நவம்பர் 1 அன்று பல ஊர்களில் முதல் பகுதி சபைகள் நடந்தன.

எங்கள் வார்டில் முதல் கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் தண்ணீர் பாட்டில் கொடுத்ததும் எழுந்து போய்விட்டார்கள். இப்போது அப்படி இல்லை. காரணம் மினிட் நோட்டுதான். யார் என்ன கேட்டார் என்பதை அவர் கண்ணெதிரே எழுதி, வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குகிறோம். அடுத்த சபையில் முதல் வேலை பழைய பக்கத்தை வாசிப்பது. நீங்களும் வாருங்கள், பேசியது நோட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

நான் முதல்முறை ஜெயித்த பெண். ஆனால் எல்லாரும் என் வீட்டுக்காரரைத்தான் போனில் கூப்பிடுகிறார்கள். எப்படிச் சமாளித்தீர்கள் அக்கா?

எனக்கும் இதே கதைதான் தங்கச்சி. தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டத் திருத்தம் வந்தது. நாற்காலி கிடைத்துவிட்டது, அதில் உட்கார விட மாட்டேன் என்கிறார்கள். வாரச் செய்தியை நான் ஆரம்பித்ததே இதற்காகத்தான். கீழே என் பெயர், என் எண். வேறு எண்ணே கிடையாது. வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன்: யார் கூப்பிட்டாலும் "அவங்க நம்பருக்குப் பேசுங்க" என்ற ஒரு பதில் போதும். அவர் அப்படியே செய்தார். ஆறு மாதம் ஆனது.

கூட்டத்தில் பேசப் பயமாக இருந்தால் கேள்வியை எழுதி எடுத்துப் போங்கள். அஜெண்டா கைக்கு வந்த அன்றே உங்கள் வார்டுக்கான பொருள் எண்களை வட்டம் போட்டு வையுங்கள். நகராட்சி உறுப்பினருக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் 2023-இல் அறிவித்தார்கள். அதை உங்கள் கணக்கில், உங்கள் கையில் வாங்குங்கள்.

எங்கள் சந்தில் செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யப் பார்க்கிறார்கள். லாரி உள்ளே வராது என்கிறார்கள்.

இறக்க விடாதீர்கள் ஐயா. மனிதரை இறக்கிக் கழிவு அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி அது குற்றம், வீட்டு உரிமையாளரும் பதில் சொல்ல வேண்டும். உள்ளே விஷவாயு இருந்தால் இறங்கியவர் கூப்பிடக்கூட நேரம் இருக்காது. காப்பாற்றக் குதிப்பவரும் போய்விடுவார். லாரி சந்து முனையில் நிற்கட்டும், நீள ஹோஸ் போட்டு எடுக்கலாம். செப்டிக் டேங்க் சுத்தம் செய்வதற்கான உதவி எண் 14420-க்குக் கூப்பிடுங்கள், எனக்கும் கூப்பிடுங்கள். பணம்தான் தடை என்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள், வார்டில் நாலு பேரிடம் கேட்டு வாங்கித் தருகிறேன். இதில் மட்டும் எனக்கு சமாதானம் கிடையாது.

சாவுச் செய்தி, காதுகுத்து எல்லாம் கவுன்சிலர் எழுத வேண்டுமா?

எழுத வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஒருவர் இறந்தால் எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எந்தத் தெரு வழியாகப் போகிறார்கள் என்று தெரிந்தால் குப்பை வண்டியும் தண்ணீர் லாரியும் வேறு வழியில் போகும். தனியாக இருந்த ஒரு பாட்டியின் காரியத்துக்கு, செய்தி பார்த்து வந்தவர்கள்தான் பாடை தூக்கினார்கள். குடும்பத்தாரைக் கேட்காமல் மட்டும் எழுத மாட்டேன். என்ன நோய் என்றோ, யார் உதவித்தொகை வாங்குகிறார் என்றோ எப்போதும் எழுத மாட்டேன். உதவி வாங்குபவரை நிற்க வைத்துப் படமும் எடுப்பதில்லை.

குழந்தை பிறந்த வீட்டுக்கு வாழ்த்தோடு ஒரு வரி சேர்ப்பேன்: 21 நாளைக்குள் பிறப்பைப் பதிவு செய்யுங்கள், பெயரை ஒரு வருடத்துக்குள் சேர்த்தால் கட்டணம் இல்லை.

தேர்தல் நேரத்தில் செய்தி வருமா?

தண்ணீர், மின்தடை, காய்ச்சல் எச்சரிக்கை வரும். நடத்தை விதி இருக்கும்போது புதிய வேலை பற்றிய அறிவிப்பு எதுவும் வராது. ஏற்கெனவே நடக்கும் வேலை நிற்காது.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன் அத்தை. எங்கள் தெருச் செய்தியை நான் எழுதித் தரலாமா?

கட்டாயம் தா கண்ணு. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் வந்தால் ஞாயிறு செய்தியில் சேர்ப்பேன். ஐந்து வரி போதும். நீயே போய்ப் பார்த்ததை மட்டும் எழுது. கேள்விப்பட்டது என்றால் யார் சொன்னது என்று பக்கத்தில் போடு. இந்த வாரம் உன் தெருவில் எத்தனை வீட்டு மாடியில் மூடி இல்லாத தொட்டி இருக்கிறது என்று அம்மாவோடு போய்ப் பார்த்து வா. டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஏழு எட்டு நாளில் பறக்க ஆரம்பித்துவிடும். வீட்டு எண் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும். உன் பெயரைச் செய்தியில் போடலாமா என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்.