பருத்தி யாருக்கு முக்கியம்?

கேள்வி: எங்கள் ஊர்க் கரிசலில் அப்பா காலத்தில் பருத்திதான். இப்போது எங்கு பார்த்தாலும் தென்னை. பேரனுக்குப் பள்ளியில் 'உலகப் பொருளாதாரத்தில் பருத்தி' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பாலியெஸ்டர் வந்த பிறகும் பருத்தி அவ்வளவு முக்கியமா, இல்லை வெறும் பழம்பெருமையா?
- ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: முக்கியம்தான். யாருக்கு முக்கியம் என்றும் கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பாலியெஸ்டர். 1960 வாக்கில் உலகம் பயன்படுத்திய இழையில் மூன்றில் இரண்டு பங்கு பருத்தி. இன்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பாதிக்கு மேல் பாலியெஸ்டர். பங்குதான் சரிந்தது, விளைச்சல் சரியவில்லை. அன்று ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி டன், இன்று இரண்டரைக் கோடி டன்னை ஒட்டி. உடுத்துகிறவர்களும் பெருகிவிட்டார்கள், ஆளுக்குள்ள சட்டைகளும் பெருகிவிட்டன.

துணி மட்டுமா? எங்காவது வெடித்த காய் கிடைத்தால் ஒரு சுளையை எடுத்துப் பிய்த்துப் பாருங்கள். பஞ்சு லேசில் கொட்டையை விடாது. நகத்தால் இழுத்தாலும் கொட்டை மேல் பூனைமுடி மாதிரி கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஜின்னிங் மில்லில் 100 கிலோ போட்டால் பஞ்சாக வருவது 34 கிலோ சுமாருக்குத்தான். மிச்சத்தில் பெரும்பகுதி கொட்டை. அது எண்ணெய்க்கும் புண்ணாக்குக்கும் போகிறது. உங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் கறவை மாட்டுக்கு என்ன வைக்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் தொட்டியில் பருத்திக்கொட்டை ஊறுகிற வரைக்கும் பருத்தியை விட்டுவிட்டோம் என்று சொல்லாதீர்கள். அதைத் தின்ற மாட்டின் பால் விற்ற பணமாக உங்கள் பைக்கு வருகிற ரூபாய் நோட்டின் காகிதமும் பருத்திதான்.

சரி, யாருக்கு முக்கியம்? 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. இங்கிலாந்துக்கு அங்கிருந்து போன பஞ்சு நின்றதும் லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டன, தொழிலாளர்கள் பட்டினி கிடந்தார்கள். இந்தியப் பருத்திக்கு ராஜயோகம்; பம்பாய் வியாபாரிகள் கொழித்தார்கள். 1865-ல் போர் முடிந்தது, விலை விழுந்தது, பம்பாயில் வங்கிகளும் கம்பெனிகளும் வரிசையாகக் கவிழ்ந்தன.

அது பழைய கதை என்றால் புதுசைக் கேளுங்கள். அமெரிக்கா தன் பருத்தி விவசாயிகளுக்கு மானியத்தைக் கொட்டி உலக விலையை அமுக்குகிறது என்று உலக வர்த்தக அமைப்பில் பிரேசில் 2002-ல் வழக்குத் தொடுத்து ஜெயித்தது. இழுத்தடித்துக் கடைசியில் 2014-ல் 30 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது அமெரிக்கா. இதே குறையை பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி ஆகிய நான்கு நாடுகளும் 2003-ல் எழுப்பின. பிரேசில் பதிலுக்கு வரி போட்டால் அமெரிக்காவுக்கு வலிக்கும். மாலி போட்டால் யாருக்கு வலிக்கும்? அந்த நான்கு நாடுகளுக்கும் கிடைத்தது முடிவில்லாத பேச்சுவார்த்தை. அப்புறம் 2019-லிருந்து அக்டோபர் 7-ஆம் தேதி உலகப் பருத்தி தினம்.

நம் நாட்டிலும் இதே கதைதான். உலகிலேயே அதிகப் பரப்பில் பருத்தி போடுவது இந்தியா. ஆனால் ஹெக்டேருக்குக் கிடைக்கிற பஞ்சு 450 கிலோ சுற்றுவட்டாரம். பிரேசிலில் அதைப்போல நாலு மடங்கு. நம்முடையது பெரும்பாலும் மானாவாரி, வானம் பார்த்த பிழைப்பு. வெளிநாட்டுப் பஞ்சுக்கு 2021-ல் 11 சதவீத இறக்குமதி வரி வைத்தார்கள். 2025 ஆகஸ்டில் நம் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி என்றதும், ஆலைகளுக்குப் பஞ்சு மலிவாகக் கிடைக்கட்டும் என்று அந்த 11 சதவீதத்தை டிசம்பர் வரை எடுத்துவிட்டார்கள். திருப்பூர் பிழைக்க வேண்டும், மறுப்பில்லை. உங்கள் ஊர்ப் பிள்ளைகளும் அங்கே வேலை பார்ப்பார்கள். ஆனால் புதுப் பருத்தி சந்தைக்கு வரத் தொடங்குவதே அக்டோபரில். அடிபட்டது ஏற்றுமதி, வைத்தியச் செலவு விவசாயி தலையில்.

இதைப் படித்துவிட்டுத் தென்னையை வெட்டிப் பருத்திக்குத் திரும்பிவிடாதீர்கள். காய் ஒரே நாளில் வெடிப்பதில்லை, மூன்று நான்கு தடவையாவது எடுக்க வேண்டும். பிரேசிலிலும் ஆஸ்திரேலியாவிலும் இயந்திரம் எடுக்கிறது. இங்கே வெயிலில் குனிந்து எடுப்பவர்கள் பெண்கள், அந்தக் கூலிக்கும் இப்போது ஆள் இல்லை. 2025-26-க்கு நடுத்தர இழைப் பருத்திக்கு அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,710 ரூபாய். விதை, உரம், மருந்து, எடுப்புக்கூலி எல்லாம் கழித்தால் என்ன மிஞ்சும் என்று பேரனையே கணக்குப் போட்டுக் கட்டுரையில் சேர்க்கச் சொல்லுங்கள். மார்க் குறைந்தால் எழுதுங்கள், அந்த ஆசிரியருக்குத் தனியாக ஒரு பதில் போடுகிறேன்.