எல்க் வேட்டைக்கு எந்தத் தோட்டா?

கேள்வி: கொலராடோவில் வசிக்கிறேன். மியூல் மான் வேட்டைக்காக .243 வின்செஸ்டர் ரைஃபிள் ஒன்று வைத்திருக்கிறேன். வரும் அக்டோபரில் முதன்முறையாக, எல்க் எனும் பெரிய மானை வேட்டையாடப் போகிறேன். கடைக்காரர் .300 வின்செஸ்டர் மேக்னம் இல்லாமல் எல்க்கை நினைக்கவே கூடாது என்கிறார். உடன் வரும் நண்பரோ 6.5 கிரீட்மூரே போதும் என்கிறார். நான் ஒல்லியான உடல்வாகு கொண்டவன். ஒரே ஒரு ரைஃபிள்தான் வாங்க முடியும். எதை வாங்குவது?

பதில்: .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான ரைஃபிளை வாங்குங்கள். ஈயமும் செம்பு உறையும் பிரியாதபடி பிணைக்கப்பட்ட 165 கிரெய்ன் (குண்டின் எடையைக் குறிக்கும் சிறிய அலகு) குண்டு கொண்ட தோட்டாக்களை அதில் பயன்படுத்துங்கள். 300 கெஜத்துக்கு அப்பால் நிற்கும் விலங்கைச் சுடுவதில்லை என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். கடைக்காரர் சொல்வதிலும் நண்பர் சொல்வதிலும் ஓரளவு உண்மை இருப்பதால், இந்த முடிவுக்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ராக்கி மலைத்தொடரின் ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் எடை கொண்டது; பெண் எல்க்கும் 200 கிலோவைத் தாண்டும். நீங்கள் இதுவரை வேட்டையாடிய மியூல் மானைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு எடை. எடை கூடும்போது தோலின் தடிப்பு, விலா எலும்பின் கனம், தோள்பட்டைத் தசையின் ஆழம் எல்லாமே கூடுகின்றன. இதயமும் நுரையீரல்களும் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சின் கீழ்ப்பாதியில் இருக்கின்றன. பக்கவாட்டில் நிற்கும் எல்க்கில் அந்தப் பகுதி பத்து அங்குலத்துக்குக் குறையாத அகலம் கொண்டது. குண்டு அங்கே நுழைந்து இரண்டு நுரையீரல்களையும் துளைத்துச் சென்றால் விலங்கு விரைவில் விழுந்துவிடும். ஒரு நுரையீரலோடு நின்றுவிட்டால், காயத்தோடு வெகுதூரம் ஓடி அடர்ந்த காட்டுக்குள் மறைந்து, உங்கள் கைக்கு வராமலேயே வேதனைப்பட்டுச் செத்துப்போகும். எனவே எல்க்குக்கான குண்டு விரிய வேண்டும். விரிந்த பிறகும் உடையாமல் ஆழமாகப் போக வேண்டும். தோட்டாவின் பெயர், வேகம், ஆற்றல் பற்றிய வாதங்கள் எல்லாவற்றையும் இந்த ஒன்றை வைத்தே எடைபோடுங்கள்.

சட்டம் கேட்பது மிகவும் குறைவு. கொலராடோவில் எல்க்குக்கு 6 மில்லிமீட்டருக்குக் குறையாத விட்டமும், 85 கிரெய்னுக்குக் குறையாத எடையும் கொண்ட, பட்டவுடன் விரியும் குண்டு வேண்டும். 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் இருக்க வேண்டும். உங்களிடம் உள்ள .243 ரைஃபிளே 100 கிரெய்ன் குண்டோடு இந்த வரம்பைத் தாண்டிவிடும். ஆனாலும் அதை எடுத்துச் செல்ல வேண்டாம் என்பதே என் கருத்து. நல்ல கோணத்தில், அருகில், அசையாமல் நிற்கும் எல்க்கை அதனால் வீழ்த்த முடியும் என்பது உண்மைதான். ஆனால் அப்படிப்பட்ட வாய்ப்புக்காகவே காத்திருந்து மற்றவற்றையெல்லாம் விட்டுவிடும் பொறுமை, முதல்முறை போகிறவரிடம் எளிதில் இருப்பதில்லை.

இப்போது கடைக்காரரின் வாதத்துக்கு வருவோம். 1963-இல் வெளிவந்த .300 வின்செஸ்டர் மேக்னம், 180 கிரெய்ன் குண்டை வினாடிக்கு ஏறத்தாழ 2,960 அடி வேகத்தில் செலுத்துகிறது. 1952-இல் வந்த .308, 165 கிரெய்ன் குண்டுக்குச் சுமார் 2,700 அடி வேகம் தருகிறது. காகிதத்தில் பார்க்கும்போது பெரிய வேறுபாடுதான். ஆனால் இரண்டையும் 200 கெஜத்துக்குக் குறி சரிசெய்து 300 கெஜத்தில் சுட்டால், .308-இன் குண்டு எட்டு முதல் ஒன்பது அங்குலம் தாழ்ந்து படும். மேக்னத்தின் குண்டு ஏழு அங்குலம் தாழ்ந்து படும். இரண்டு விரல்கடை இடைவெளி! 400 கெஜத்தைத் தாண்டும்போதுதான் மேக்னத்தின் நன்மை கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. அந்தத் தொலைவில் காற்று எவ்வளவு தள்ளும் என்று கணிப்பதற்குப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, 300 கெஜத்திலேயே .308 குண்டை ஏழு அங்குலம் அளவுக்கு ஒதுக்கிவிடும்; பள்ளத்தாக்கின் இந்தக் கரையில் ஒரு காற்றும் அந்தக் கரையில் இன்னொரு காற்றுமாக வீசும் மலைப்பகுதியில், எந்த மேக்னமும் அந்தக் கணிப்பை உங்களுக்காகச் செய்து தராது.

அந்த இரண்டு விரல்கடைக்கு நீங்கள் தர வேண்டிய விலை தோள்பட்டையில் வாங்கும் உதை. எட்டு பவுண்டு எடையுள்ள ரைஃபிளில் .308-இன் பின்னுதைப்பு ஏறத்தாழ 17 அடி-பவுண்டு; .300 மேக்னத்தில் அது 26-ஐத் தாண்டுகிறது. உதை வலிப்பதைவிட, அது வரப்போகிறது என்று உடல் முன்கூட்டியே அறிந்துகொள்வதுதான் பெரிய சிக்கல். விசையை இழுக்கும் கணத்தில் கண் தானாக மூடிக்கொள்கிறது, தோள் முன்னே தள்ளுகிறது, குழலின் முனை தாழ்கிறது. சுடுபவருக்கு இது தெரியவே தெரியாது. வெடிச்சத்தமும் உதையும் அதை மறைத்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. சுடுதளத்தில் நண்பர் ஒருவரிடம் ரைஃபிளைக் கொடுத்து, சில முறை தோட்டா போட்டும், சில முறை மருந்தில்லாத பயிற்சித் தோட்டா போட்டும், எது என்று சொல்லாமல் உங்களிடம் தரச் சொல்லுங்கள். மருந்தில்லாத தோட்டாவில் ‘டிக்’ என்ற ஒலி மட்டும் கேட்கும்போது, ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கியின்) குறுக்குக்கோடு இலக்கிலேயே நின்றால் அந்த ரைஃபிள் உங்களுக்குப் பொருந்தும். கோடு சட்டென்று கீழே இறங்கினால், அது உங்கள் உடலுக்கு மிஞ்சிய ரைஃபிள். கனமான மேக்னத்தால் வயிற்றில் சுடப்பட்ட எல்க்கைவிட, மிதமான தோட்டாவால் நுரையீரலில் சுடப்பட்ட எல்க் எவ்வளவோ நிச்சயமாகக் கைக்கு வரும்.

நண்பர் சொல்லும் 6.5 கிரீட்மூர் 2007-இல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்தது. உதை மிகக் குறைவு; நீண்டு மெலிந்த குண்டு என்பதால் காற்றை நன்றாகக் கிழித்துச் செல்லும். நல்ல குண்டோடு அது எல்க்கை வீழ்த்தும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எல்க் மீது படும்போது 1,500 அடி-பவுண்டு ஆற்றல் வேண்டும் என்று வேட்டைக்காரர்களிடையே ஒரு கணக்கு நெடுநாளாக வழங்கி வருகிறது. அது இயற்பியல் விதியன்று, எச்சரிக்கையான ஒரு கைக்கணக்கு. அதன்படி பார்த்தாலும் கிரீட்மூர் 300 கெஜம் வரை தாக்குப்பிடிக்கிறது. ஆயினும் எனக்கு .308 ஒரு படி மேலாகத் தெரிகிறது: குண்டு அகலமானது, கனமானது, எலும்பில் பட்டாலும் தடம் மாறாமல் போவதற்கும், மறுபக்கம் வெளியேறி இரத்தத் தடம் விடுவதற்கும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். அக்டோபர் மாதத்துச் சருகுகளின் மேல் ஒரு விலங்கைப் பின்தொடர்ந்து போகும்போது, வெளியேறிய குண்டு விட்டுச் சென்ற இரத்தத் தடத்துக்கு ஈடான வழிகாட்டி வேறில்லை. பயிற்சியில் .308-இன் உதை உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்தால், தயங்காமல் 7 மி.மீ.-08 ரெமிங்டனுக்கோ கிரீட்மூருக்கோ இறங்கிவிடுங்கள். அதில் குறைவு எதுவும் இல்லை.

குண்டைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும்; வாங்குபவர்கள் அதிகம் யோசிக்காததும் அதைத்தான். எல்க் எப்போதும் எதிர்ப்பக்கச் சரிவில் தொலைவாக நிற்பதில்லை. கறுத்து அடர்ந்த ஸ்புரூஸ் மரங்களுக்கிடையே 40 கெஜத்தில் திடீரென்று எழுந்து நிற்கவும் கூடும். அந்தத் தொலைவில் குண்டு இன்னும் வேகம் இழந்திருக்காது. மெல்லிய உறை கொண்ட சாதாரண மான் வேட்டைக் குண்டு அப்போது தோள்பட்டை எலும்பில் மோதினால், உறை ஒருபுறமும் ஈயம் ஒருபுறமுமாகச் சிதறி, தசையில் பெரிய காயத்தை மட்டும் உண்டாக்கி, நெஞ்சுக்கூட்டுக்குள் போய்ச் சேராமலேயே நின்றுவிடலாம். குண்டின் வேகம் கூடக்கூட இந்த ஆபத்தும் கூடுகிறது. மலிவான குண்டு போட்ட மேக்னம், நல்ல குண்டு போட்ட.308-ஐவிட மோசமாகச் செயல்படும் இடம் இதுவே. நோஸ்லர் பார்ட்டிஷன் குண்டு 1940-களில் உருவானதே இந்தக் குறையிலிருந்துதான்: மூஸ் எனும் மிகப் பெரிய மான் ஒன்றின் மீது குண்டுகள் ஆழமாகப் போகாமல் நின்றுவிட்டதைக் கண்ட ஜான் நோஸ்லர், குண்டின் நடுவே குறுக்குச் சுவர் ஒன்றை வைத்தார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே தள்ளிக்கொண்டு போகும். இன்று அதே வேலையை, உறையோடு ஈயத்தைப் பிணைத்த அக்யூபாண்ட் போன்ற குண்டுகளும், முழுக்கச் செம்பாலான பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ் போன்ற குண்டுகளும் செய்கின்றன.

வீட்டில் குழந்தைகள் இருந்து, அந்த இறைச்சியை ஆண்டு முழுவதும் சமைக்கப் போகிறீர்கள் என்றால், செம்புக் குண்டையே தேர்ந்தெடுங்கள் என்பேன். ஈயக் குண்டின் நுண்துகள்கள் காயத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் வெகுதூரம் பரவி இறைச்சியில் தங்கிவிடுகின்றன. குழந்தைகளின் உடலுக்கு ஈயம் சிறிதளவும் நல்லதல்ல. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. கொலராடோவில் அந்தக் கட்டாயம் இல்லை. செம்பு, ஈயத்தைவிட எடை குறைந்தது என்பதால், செம்புக் குண்டில் 150 கிரெய்னே .308-க்குப் போதும். படும்போது வேகம் வினாடிக்கு 2,000 அடிக்குக் கீழே போனால் அது சரியாக விரியாமல் போகக்கூடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 300 கெஜ வரம்புக்குள் அந்தக் கவலை இல்லை.

பழைய .30-06 ஸ்பிரிங்ஃபீல்டோ .270 வின்செஸ்டரோ நல்ல நிலையில் குறைந்த விலைக்குக் கிடைத்தால் அவற்றையும் தாராளமாக வாங்கலாம். முன்னது 1906 முதலும், பின்னது 1925 முதலும் எல்க் வேட்டையில் தம்மை மெய்ப்பித்தவை. நான் .308-ஐ முன்னிறுத்துவதற்குக் காரணம், அதன் உதை .30-06-ஐவிடச் சற்றுக் குறைவு என்பதும், பயிற்சித் தோட்டாக்கள் பெரும்பாலான கடைகளில் மலிவாகக் கிடைக்கும் என்பதுமே. மேக்னத்துக்கும் .308-க்கும் உள்ள விலை வேறுபாட்டைப் பயிற்சித் தோட்டாக்களில் செலவிடுங்கள். மேசையில் வைத்துச் சுடுவதோடு நிறுத்தாமல், முழங்காலிட்டும், உட்கார்ந்தும், முதுகுப்பையின் மேல் தாங்கியும் சுட்டுப் பழகுங்கள். எந்த நிலையில் எத்தனை கெஜம் வரை உங்கள் குண்டுகள் அனைத்தும் எட்டு அங்குலத் தட்டுக்குள் விழுகின்றனவோ, அந்த நிலையில் அதுதான் உங்கள் வரம்பு. அது 200 கெஜமாக இருந்தால் 200 கெஜம்தான்.

கடைசியாக இரண்டு செய்திகள். எல்க் குண்டுபட்ட உடனே விழாமல், எதுவுமே நடக்காததுபோல் நிற்கக்கூடும். குறி தவறிவிட்டது என்று எண்ணிவிடாமல், உடனே அடுத்த தோட்டாவை ஏற்றி, அது விழும் வரை மீண்டும் நெஞ்சில் சுடுங்கள். மலை முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததும், வேட்டை தொடங்குவதற்கு முந்தைய நாள், பாதுகாப்பான இடத்தில், வேட்டையில் பயன்படுத்தப்போகும் அதே தோட்டாவால் 100 கெஜத்தில் ஒருமுறை குறியைச் சரிபாருங்கள். கரடுமுரடான பாதையில் வண்டியில் குலுங்கி வந்த ஸ்கோப் சற்றே நகர்ந்திருக்கலாம்.