முதலில் ஹெலி, பிறகுதான் கேமரா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இரண்டாம் போக அறுவடை முடிந்து பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகா வயல்கள் காய்ந்து கிடக்கின்றன. ஹெலியை, அதாவது ரேடியோவில் இயக்கும் சின்ன ஹெலிகாப்டரைப் பறக்கவிட இடம் கிடைத்துவிட்டது, கடிதங்களும் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் கேமரா ட்ரிகர் பற்றியவை, அதாவது ஹெலியில் கட்டிய கேமராவைத் தரையிலிருந்து படம் எடுக்கவைக்கும் கருவி பற்றியவை. பதிலுக்கு முன்னால், எப்போதும் சொல்வதை இப்போதும் சொல்கிறேன்: ட்ரிகரை மேசையில் வைத்துச் சோதிக்கும்போது மெயின் பிளேடுகளைக் கழற்றி வையுங்கள். அதற்குச் சோம்பல் என்றால் மோட்டார் கம்பிகளையாவது பிரித்துவிடுங்கள். 450 வகுப்பு என்னும் சிறிய அளவு ஹெலியின் பிளேடுகூட நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் சுற்றும். போன விரல் திரும்பி வராது.

ஹெலியிலுள்ள ரேடியோ ரிசீவரின் சிக்னல் கம்பியை நேராகக் கேமராவின் 2.5 மி.மீ. ஜாக்கில் கொடுத்தால் படம் எடுக்காதா?
– மாணவர், கொழிஞ்சாம்பாறை

எடுக்காது தம்பி. இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தொட வேண்டும், கேமராவுக்கு வேண்டியது அவ்வளவுதான். ரிசீவர் தருவதோ நொடிக்குச் சுமார் 50 பல்ஸ், ஒவ்வொன்றும் 1 முதல் 2 மில்லிநொடி நீளம். உங்கள் ஸ்விட்ச் ஆஃப் ஆக இருந்தாலும் பல்ஸ் வந்துகொண்டேதான் இருக்கும். மாறுவது அதன் நீளம் மட்டும். அதை அளந்து முடிவெடுக்க நடுவில் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் வேண்டும். ஏடி டைனி 85 தாராளம். ஆர்டுவினோ நானோ கையில் இருந்தால் அதுவும் சரி.

புரோகிராம் எழுதும்போது 1.5 மில்லிநொடியை ஒற்றை எல்லையாக வைக்காதீர்கள். அந்த இடத்தில் சிக்னல் கொஞ்சம் ஆடினாலும் கேமரா படபடவென்று சுட்டுத் தள்ளும். 1.7-க்கு மேல் ஆன், 1.3-க்குக் கீழ் ஆஃப், நடுவில் இருந்தால் முந்தைய நிலையே தொடரட்டும். 0.8-க்குக் குறைவாகவோ 2.2-க்கு அதிகமாகவோ வருவதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். தொடர்ந்து ஐந்து பல்ஸ் ஒரே பதிலைச் சொன்ன பிறகு படம் எடுக்கட்டும். இதனால் வரும் தாமதம் 0.1 நொடிதான். பேட்டரி செருகியதும் ஒரு முறையாவது ஆஃப் நிலையைப் பார்த்த பிறகே ஆன் கட்டளையை ஏற்கும்படி எழுதுங்கள்.

ஆப்டோகப்ளர் தேவையா? ஒரு டிரான்சிஸ்டரே போதும் என்கிறார் நண்பர்.
– வேலந்தாவளம்

ஆப்டோகப்ளர் இரண்டு சர்க்யூட்டுகளைக் கம்பியால் இணைக்காமல், ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும். டிரான்சிஸ்டரிலும் படம் எடுக்கும். ஆனால் ஹெலியின் கிரவுண்டும் கேமராவின் கிரவுண்டும் ஒன்றாகிவிடும். மோட்டாரின் இரைச்சல் முழுக்கக் கேமராவுக்குள் போகும். பி.சி. 817 என்ற ஆப்டோகப்ளர் வாங்க ஒரு டீக்காசு போதும். அதைப் போடுங்கள்.

நீங்கள் சொன்னபடியே ட்ரிகர் செய்தேன். வேலை செய்யவில்லை. என்ன செய்வது?
– கோவிந்தாபுரம்

என்ன கேமரா? எந்த ரிசீவர்? ஃபோகஸாவது ஆகிறதா, அதுவும் இல்லையா? இப்படி மொட்டையாக எழுதினால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். வழக்கமாக நடக்கும் மூன்று தவறுகளைச் சொல்கிறேன், உங்களுடையது எது என்று நீங்களே பாருங்கள்.

ஒன்று, ஆப்டோகப்ளரின் வெளியீட்டுப் பக்கம் தலைகீழாக இருக்கும். கலெக்டர் ஷட்டர் கம்பிக்கும் எமிட்டர் கேமராவின் கிரவுண்டுக்கும் போக வேண்டும். இரண்டு, ஃபோகஸ் கம்பியை விட்டிருப்பீர்கள். கேனானின் 2.5 மி.மீ. பிளக்கில் நுனி ஷட்டர், நடு வளையம் ஃபோகஸ், அடிப்பகுதி கிரவுண்ட். முதலில் ஃபோகஸ், அரை நொடி கழித்து ஷட்டர் என்ற வரிசையில் போனால் தகராறு இல்லை. ஆட்டோஃபோகஸ் எதையும் பிடிக்காமல் தேடிக்கொண்டே இருந்தால் பல கேமராக்கள் படம் எடுக்காது. மேனுவலுக்கு மாற்றி இன்ஃபினிட்டியில் நிறுத்துங்கள். 50 மீட்டர் உயரத்திலிருந்து அதுவே போதும். மூன்று, டிரான்ஸ்மிட்டரில் அந்த சேனலின் எண்ட் பாயிண்ட் (கட்டளை போகக்கூடிய கடைசி எல்லை) குறைவாக இருப்பதால் பல்ஸ் 1.7 மில்லிநொடியைத் தொடவே தொடாது.

ஷட்டர் பட்டனை அழுத்த ஒரு மைக்ரோ சர்வோ (கட்டளைக்கு ஏற்பக் கையை நகர்த்தும் சின்ன மோட்டார்) வைத்தேன். தரையில் நன்றாக வேலை செய்தது. மூன்றாவது படம் எடுக்கும்போது ஹெலி கட்டுப்பாடு இழந்து வயலில் விழுந்தது. ரேடியோவில் கோளாறா?
– கொல்லங்கோடு

ரேடியோ மேல் பழி போடாதீர்கள். இதே கதையை எத்தனை பேர் எழுதிவிட்டார்கள்! எல்லாரும் ரேடியோவைத்தான் குறை சொல்கிறார்கள். ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் மின்சாரம் தரும் பி.இ.சி. எத்தனை ஆம்பியர் என்று ஒருவர்கூட எழுதுவதில்லை. நீங்களும் எழுதவில்லை.

கணக்கைப் பாருங்கள். உங்கள் ஹெலியில் மெயின் பிளேடுகளின் கோணத்தை மாற்றும் ஸ்வாஷ் பிளேட்டுக்கு மூன்று சர்வோ, வாலுக்கு ஒன்று, வாலை நிலைப்படுத்தும் கைரோ, ரிசீவர். இத்தனைக்கும் சோறு போடுவது, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.க்குள் இருக்கும் சின்ன பி.இ.சி. அது லீனியர் வகை என்றால், 3 செல் பேட்டரியின் 12 வோல்ட்டை 5 ஆக்க, மீதி 7 வோல்ட்டை வெப்பமாகக் கொட்டுகிறது. 1 ஆம்பியர் இழுத்தால் 7 வாட் சூடு. பாலக்காட்டு மாசி வெயிலில், காற்றுப் புகாத மூடிக்குள் அது எவ்வளவு நேரம் தாங்கும்?

இந்த நிலையில் நீங்கள் ஐந்தாவதாக ஒரு சர்வோவை மாட்டுகிறீர்கள். சும்மா இருக்கும்போது அது சில மில்லி ஆம்பியர்தான் எடுக்கும். ஷட்டர் பட்டன் அடிவரை போன பிறகும் சர்வோவின் கை அதற்கு மேலும் போக முயன்றால், மோட்டார் அப்படியே நின்று அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நீங்கள் ஸ்விட்சை விடும்வரை இழுத்துக்கொண்டே இருக்கும். அதே நேரத்தில் காற்று ஒரு தள்ளு தள்ள, மற்ற நான்கு சர்வோக்களும் ஒன்றாகத் துடிக்கின்றன. வோல்டேஜ் 3.5-க்கு அருகில் இறங்கினால் பல ரிசீவர்கள் அணைந்து மறுபடி தொடங்கும். அந்த நேரம் போதும், ஹெலி தலைகீழாகிவிடும். தரையில் நன்றாக வேலை செய்தது என்கிறீர்களே, தரையில் வால் சர்வோவுக்கு என்ன வேலை இருந்தது?

செய்ய வேண்டியது இதுதான். சர்வோவின் கைக்கும் பட்டனுக்கும் நடுவில் வளைந்து கொடுக்கும் மெல்லிய பியானோ கம்பி வையுங்கள். பட்டன் அழுந்தியதும் சர்வோ நிற்கும்படி எண்ட் பாயிண்ட்டைக் குறையுங்கள். சர்வோ நின்றுகொண்டே முனகினால் இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம். ட்ரிகர் சர்வோவுக்குத் தனி பி.இ.சி. கொடுங்கள், ரிசீவருக்குப் போகும் பிளக்கிலிருந்து சிவப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு, சிக்னலையும் கிரவுண்டையும் மட்டும் இணையுங்கள். பிறகு பிளேடுகளைக் கழற்றிவிட்டு, ரிசீவரின் காலி சேனலில் வோல்ட் மீட்டரைச் செருகி, இரண்டு ஸ்டிக்குகளையும் வேகமாகச் சுழற்றிக்கொண்டே ட்ரிகரை அழுத்திப் பிடியுங்கள். 4.7-க்குக் கீழே போனால் அன்றைக்குப் பறக்கவிடாதீர்கள். முடிந்தால் சர்வோவையே விட்டுவிட்டு, மேலே சொன்ன ஆப்டோகப்ளர் வகை மின் ட்ரிகருக்கு மாறுங்கள். கேமரா நம் ஹெலியில் ஏறிய விருந்தாளி. வீட்டுக்காரர் சாப்பாட்டில் அது கை வைக்கக் கூடாது.

கல்பாத்தித் தேரை மேலிருந்து படம் எடுக்க ஆசை. என்ன ட்ரிகர் பொருத்தம்?
– பாலக்காடு

எந்த ட்ரிகரும் பொருந்தாது. அந்த அக்ரஹாரத் தெருவில் நவம்பர் மாதக் கூட்டத்துக்கு மேலே ஹெலியைக் கொண்டுபோவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க மாட்டேன். ஒரு சர்வோ நின்றால் கீழே யார் தலையில் விழும் என்று எண்ணிப் பாருங்கள். உயரமான மூங்கில் கழியின் நுனியில் கேமராவைக் கட்டி, அதே ட்ரிகரை வைத்து மொட்டை மாடியிலிருந்து எடுங்கள். படம் நன்றாகவே வரும்.

பரம்பிக்குளத்தில் அணையை எடுக்கலாமா?
– ஆனைமலை

அது புலிகள் காப்பகம். வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஹெலியைப் பெட்டியிலிருந்து எடுக்கவே வேண்டாம். ஹெலிகாப்டர்தானே, ட்ரோன் இல்லையே என்று இன்னும் இருவர் எழுதியிருக்கிறார்கள். 2021 ட்ரோன் விதிகளில் சுழலும் இறக்கை கொண்டவையும் அடங்கும். முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலம் என்றாலும் 400 அடிதான் உச்சம். உங்கள் இடம் எந்த மண்டலம் என்று ட்ரோன் வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

நிக்கான் கேமராவுக்கு இன்ஃப்ராரெட் ட்ரிகர் செய்தேன். வீட்டுக்குள் எடுக்கிறது, வெளியே மதியத்தில் எடுப்பதில்லை.
– கஞ்சிக்கோடு

வெயிலிலும் இன்ஃப்ராரெட் இருக்கிறது. கேமராவின் கண் அதில் கூசிப்போகிறது. எல்.இ.டி.யை அந்தக் கண்ணிலிருந்து 2 செ.மீ. தூரத்தில் வைத்து, சுற்றிலும் கறுப்பு டேப்பால் குழல்போல மூடுங்கள். எல்.இ.டி. எரிகிறதா என்று கைப்பேசியின் முன்பக்கக் கேமராவில் பார்க்கலாம்.

பழைய கேனான் பவர்ஷாட் இருக்கிறது. ரிமோட் ஜாக் இல்லை. தூக்கிப் போடுவதா?
– மீனாட்சிபுரம்

போடாதீர்கள், நல்ல கேமரா. உங்கள் மாடலுக்கு சி.ஹெச்.டி.கே. (கேனான் கேமராக்களுக்குக் கூடுதல் வசதி தரும் இலவச மென்பொருள்) இருந்தால், அதை மெமரி கார்டில் ஏற்றி யு.எஸ்.பி. ரிமோட் வசதியை ஆன் செய்யுங்கள். யு.எஸ்.பி. கேபிளின் சிவப்பு, கறுப்புக் கம்பிகளில் வோல்டேஜ் வந்தால் கேமரா கட்டளையாக எடுத்துக்கொள்ளும். சிலவற்றுக்கு 3 வோல்ட் போதும், சிலவற்றுக்கு 5 வேண்டும். அதிலுள்ள சிங்க் (sync) வசதியை ஆன் செய்திருந்தால் வோல்டேஜ் விழும் கணத்தில்தான் படம். ஸ்விட்சைத் தட்டியதும் எடுக்கவில்லையே என்று பதறாதீர்கள்.

படங்கள் கலங்கலாக வருகின்றன. ட்ரிகரை மாற்றலாமா?
– சித்தூர்

ட்ரிகருக்கும் கலங்கலுக்கும் சம்பந்தமே இல்லை. 2,500 சுற்று என்றால் நொடிக்குச் சுமார் 40. இரண்டு பிளேடு என்பதால் அதிர்வு அதைப்போல் இரு மடங்கு வேகத்திலும் வரும். ஷட்டர் வேகத்தை 1/1000-க்குக் குறையாமல் வையுங்கள். பிளேடுகளின் எடையும் டிராக்கிங்கும் (இரண்டு பிளேடும் ஒரே மட்டத்தில் சுற்றுவது) சரியா என்று பாருங்கள். அதன் பிறகுதான் கேமராவுக்கு அடியில் ரப்பர் வைக்கும் பேச்சு. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் கிழக்குக் காற்றில் எடுத்த படங்கள் என்றால், விடியற்காலையில் ஒரு முறை எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஹெலி தூரமாகப் போனால் கேமரா தானாகவே படம் எடுத்துக்கொண்டே இருக்கிறது. ஏன்?
– எருத்தேம்பதி

சிக்னல் அறுபடும்போது உங்கள் ரிசீவர் ட்ரிகர் சேனலை ஆன் நிலைக்குக் கொண்டுபோகிறது. ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் போனால் ஒவ்வொரு சேனலும் எந்த நிலைக்குப் போக வேண்டும் என்ற ஏற்பாட்டை அமைக்கவே இல்லை என்று தெரிகிறது. கேமராவை விடுங்கள், அதே நேரத்தில் மோட்டார் வேகத்துக்கான த்ராட்டில் எங்கே போகிறது என்று பார்த்தீர்களா? பிளேடுகளைக் கழற்றிவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். மோட்டார் நிற்க வேண்டும், ட்ரிகர் ஆஃப் ஆக வேண்டும். இரண்டும் நடக்கும்வரை வயலுக்குப் போகாதீர்கள்.

சிக்னல் ஏன் அறுபடுகிறது என்பது அடுத்தது. கேமராவில் வைஃபை இருந்தால் அணையுங்கள். பெரும்பாலும் அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் பேசுகிறது, அதுவும் ரிசீவருக்கு ஒரு சாண் தூரத்தில். ட்ரிகர் கம்பியை ஆண்டெனாவிடமிருந்து தள்ளிக் கட்டுங்கள். ரிசீவரின் இரண்டு ஆண்டெனாக்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, கார்பன் சட்டத்துக்கு வெளியே நீட்டியிருக்கட்டும். பிறகு டிரான்ஸ்மிட்டரை, சிக்னல் வலுவைக் குறைத்துச் சோதிக்கும் ரேஞ்ச் செக் நிலைக்கு மாற்றி, கேமரா ஆனில் இருக்கும்போதே 30 தப்படி நடந்து பாருங்கள்.