டிரையத்லான்: ஓடுகிறவர்கள் கேட்ட கேள்விகள்

கேள்வி: வாரம் 4 நாள், மொத்தம் 35 கி.மீ. ஓடுகிறேன். டிரையத்லானில் இறங்க ஆசை. எங்கே தொடங்குவது?
– மஞ்சக்குப்பம் வாசகர்

பதில்: நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே போட்டியில் அடுத்தடுத்து முடிப்பதுதான் டிரையத்லான். அதில் ஸ்பிரிண்ட் எனும் குறுகிய தூரத்தில் தொடங்குங்கள்: 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். ஒலிம்பிக் தூரம் இதற்குச் சரியாக இரு மடங்கு. அதை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். 20 கி.மீ. சைக்கிள் என்பது கிட்டத்தட்ட கடலூரிலிருந்து புதுச்சேரி போகிற தூரம். அது உங்களை அசைக்காது. படுத்தப்போவது தண்ணீர்தான். எனவே ஓட்டத்தை 3 நாளாகக் குறைத்து, நீச்சலுக்கு 3, சைக்கிளுக்கு 2 என்று ஒதுக்குங்கள். ஞாயிறு சைக்கிளும் ஓட்டமும் சேர்ந்து வரும். இன்னொரு நாள் காலையில் நீச்சல், மாலையில் ஓட்டம். ஒரு நாள் முழு ஓய்வு. 50 மீட்டராவது நீந்தத் தெரிந்தவருக்கு 12 வாரம் போதும். நீச்சலே தெரியாது என்றால் 6 மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அரை மாரத்தான் ஓடுகிற எனக்கு 25 மீட்டர் நீந்தினாலே மூச்சு முட்டுகிறதே, ஏன்?
– லாஸ்பேட்டை வாசகி

பதில்: நுரையீரலில் குறையில்லை. முகம் தண்ணீரில் இருக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு, வெளியே வருகிற அரை நொடியில் விடவும் இழுக்கவும் பார்க்கிறீர்கள். இரண்டும் அரைகுறையாகிறது, கரியமில வாயு உள்ளேயே தேங்குகிறது. முட்டுவது அதனால்தான். முகம் உள்ளே இருக்கும் நேரம் முழுக்க மூக்கு வழியே குமிழி விட்டுக்கொண்டே இருங்கள். வெளியே வந்ததும் இழுக்கிற வேலை மட்டும் மிச்சமிருக்கும்.

அடுத்தது கால். காற்று நிறைந்த நெஞ்சு மிதக்கும், கால் அமிழும். பயந்து தலையைத் தூக்கினால் ஏற்றப்பலகை மாதிரி கால் இன்னும் இறங்கும். பார்வை குளத்தின் தரையிலேயே இருக்கட்டும். மூச்செடுக்கத் தலையைத் தூக்காமல் உடம்போடு சேர்த்துத் திருப்புங்கள். நீச்சல் கண்ணாடியின் ஒரு பக்கம் தண்ணீருக்குள்ளேயே இருந்தால் சரியாகச் செய்கிறீர்கள்.

மூன்றாவதை யாரும் சொல்ல மாட்டார்கள்: கணுக்கால். ஓடி ஓடி இறுகிய கணுக்கால் நீளாது. பாதம் கொக்கி மாதிரி நின்று தண்ணீரைப் பிடித்து இழுக்கும். உதைபலகையைப் பிடித்துக்கொண்டு உதைக்க உதைக்க, சிலர் பின்னோக்கிப் போவதைக்கூடப் பார்க்கலாம்! தினமும் வஜ்ராசனத்தில் ஒரு நிமிடம், 3 முறை உட்காருங்கள் (முட்டி வலி இருந்தால் வேண்டாம்). உதை இடுப்பிலிருந்து, சின்னதாக வரட்டும்.

முதல் 3 வாரம் 25 மீட்டர் 8 முறை, நடுவில் 30 விநாடி ஓய்வு. பிறகு 50 மீட்டர் 8 முறை, அப்புறம் 100 மீட்டர் 6 முறை. நிற்காமல் 400 மீட்டர் வந்துவிட்டால் 750 தானாக வரும்.

கேள்வி: கியர் சைக்கிள் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது. டியூபும் அடிக்கடி போகிறது.
– திருப்பாதிரிப்புலியூர் வாசகர்

பதில்: சீட் தாழ்வாக இருக்க வாய்ப்பு அதிகம். சுவரில் கை ஊன்றி சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டுபோங்கள். கால் முழுதாக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கி நிற்கும், அதுதான் அளவு. ஒரேயடியாக ஏற்றாமல் 5 மி.மீ. ஏற்றி இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். இடுப்பு ஆடினாலோ முட்டிக்குப் பின்னால் வலித்தாலோ ஏற்றியது அதிகம்.

கனமான கியரில் அழுத்தி மிதிப்பதும் முட்டியைத் தாக்கும். வலது முட்டி மேலே வருவதை 15 விநாடிக்கு எண்ணுங்கள். 20 முதல் 22 வரை வந்தால் நல்லது. குறைந்தால் கியரை இலகுவாக்குங்கள்.

டியூபைக் கழற்றிப் பாருங்கள். பாம்புக் கடி மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் முள்ளைத் தேட வேண்டாம். காற்று குறைந்து, பள்ளத்தில் இறங்கும்போது ரிம்மில் டியூப் நசுங்கியிருக்கிறது. மெல்லிய டயரில் ஒரு வாரத்திலேயே காற்று இறங்கிவிடும். ஒல்லி வால்வு என்றால் பெட்ரோல் பங்க் குழாய் அதில் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டு வையுங்கள். 70 கிலோ எடைக்கு, 28 மி.மீ. டயரில் காற்றழுத்தம் 75 முதல் 80 பி.எஸ்.ஐ. வைக்கலாம், டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

கேள்வி: சைக்கிளை விட்டு இறங்கி ஓடினால் கால் மரக்கட்டையாக இருக்கிறதே?
– முத்தியால்பேட்டை வாசகர்

பதில்: எல்லோருக்கும் அப்படித்தான். 40 நிமிடம் சைக்கிள் முடிந்த கையோடு 10 நிமிடம் ஓட்டம் என்று வாரம் ஒரு முறை பழகினால் போதும். மெதுவாக ஓடுவதாகத் தோன்றும். கடிகாரம் வேறு கதை சொல்லும். முதல் கிலோமீட்டரை வழக்கத்தைவிட 15 விநாடி மெதுவாகவே போங்கள். புதுச்சேரியில் அதிகாலைக் கடற்கரைச் சாலை வண்டித் தொல்லை இல்லாமல் இதற்கு வாகாக இருக்கும்.

கேள்வி: கடலூர் சில்வர் பீச்சில் நீந்திப் பழகலாமா?
– செம்மண்டலம் வாசகர்

பதில்: குளத்தில் நிற்காமல் 1,000 மீட்டர் நீந்துகிறவர், கூட ஆளோடு, கரையில் ஒருவரை நிறுத்திவிட்டு, அனுமதி உள்ள இடத்தில் இறங்கலாம். தனியாக ஒருநாளும் வேண்டாம். ஐப்பசி முதல் மார்கழி வரை பேச்சே இல்லை. மீனவர்களே பல நாள் படகு இறக்கத் தயங்கும் கடலில் நமக்கென்ன வேலை?

இறங்குமுன் 10 நிமிடம் அலையைப் பாருங்கள். இரு பக்கமும் அலை உடைய, நடுவே ஒரு பட்டை மட்டும் உடையாமல் கலங்கலாக இருந்தால், வசதியான இடம் போலத் தெரிகிற அதுதான் உள்ளே இழுக்கும். சிக்கினால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாக நீந்தி அந்தப் பட்டையைத் தாண்டுங்கள், பிறகு திரும்பலாம். முடியவில்லையா, மல்லாந்து மிதந்து கையை உயர்த்துங்கள்.

உள்நோக்கிப் போகாமல், நெஞ்சளவு ஆழத்தில் கரையோரமாக 100 மீட்டர் போய்த் திரும்புங்கள். 6 அல்லது 8 கைவீச்சுக்கு ஒரு முறை கண் மட்டும் மேலே வரும்படி தலையை உயர்த்தி, முன்னால் தூரத்தில் தெரியும் ஓர் அடையாளத்தைப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் கழுத்து உரசிப் புண்ணாகும், வாஸ்லின் தடவுங்கள். அந்தக் கையோடு நீச்சல் கண்ணாடியைத் தொடாதீர்கள், மங்கிவிடும்.