உபுண்டு சர்வரில் மரியாடிபி நிறுவிவிட்டேன். ரூட் பாஸ்வேர்டு எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும், வேறென்ன செய்ய வேண்டும்?

பாஸ்வேர்டை அப்புறம் பார்க்கலாம். வெளியாட்கள் உங்கள் டேட்டாபேஸைத் தொட முடிகிறதா என்பதை முதலில் பாருங்கள். சர்வரில் எஸ்எஸ் கமாண்டை (ss -tln) ஓட்டி, மரியாடிபி இணைப்புகளுக்காகக் காத்திருக்கும் 3306 போர்ட் இருக்கும் வரியைத் தேடுங்கள். 127.0.0.1:3306 என்று இருந்தால் அந்த மெஷினுக்குள் இருக்கும் புரோகிராம்கள் மட்டுமே இணைய முடியும். உபுண்டு பேக்கேஜ் இப்படித்தான் வரும். 0.0.0.0:3306 என்று இருந்தால், ஃபயர்வால் தடுக்காதவரை யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கலாம், தட்டுகிறார்கள். 2017 ஜனவரியில் பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மோங்கோடிபி டேட்டாபேஸ்களை அழித்துவிட்டு பிட்காயின் கேட்டார்கள். அடுத்த மாதமே மைஎஸ்க்யூஎல் சர்வர்களிலும் ரூட் பாஸ்வேர்டை ஊகித்து நுழைந்து அதையே செய்தார்கள்.

மரியாடிபியை டாக்கரில், அதாவது கன்டெய்னருக்குள், ஓட்டுகிறீர்கள் என்றால் கூடுதல் கவனம் தேவை. 3306:3306 என்று போர்ட்டைத் திறந்துவிட்டால், உபுண்டுவின் ஃபயர்வால் கருவியான யுஎஃப்டபிள்யூவில் நீங்கள் போட்ட தடை அதற்குச் செல்லாது. டாக்கர் தன் விதிகளை, லினக்ஸின் அடிப்படை ஃபயர்வால் விதிகள் இருக்கும் ஐபிடேபிள்ஸில் நேரடியாக எழுதிவிடுகிறது. 127.0.0.1:3306:3306 என்று கொடுங்கள். இதைத் தெரியாதவர்கள் ஃபயர்வால் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள், அதுதான் எனக்குக் கவலை.

ரூட் விஷயத்துக்கு வருவோம். உபுண்டு மரியாடிபியில் ரூட் யூனிக்ஸ் சாக்கெட் (மெஷினுக்குள்ளேயே இருக்கும் இணைப்பு) வழியாக, பாஸ்வேர்டு இல்லாமல் நுழைகிறது. லினக்ஸில் ரூட்டாக இருப்பவருக்கு மட்டுமே வழி. அதை அப்படியே விடுங்கள். மரியாடிபியுடன் வரும் செக்யூர் இன்ஸ்டலேஷன் ஸ்கிரிப்டை (mariadb-secure-installation) ஒருமுறை ஓட்டி, பெயரில்லாத யூசர்களும் டெஸ்ட் டேட்டாபேஸும் இருந்தால் நீக்கிவிடுங்கள்.

வெப்சைட்டுக்குத் தனி யூசர் உருவாக்கி, அதன் டேட்டாபேஸுக்கு மட்டும் உரிமை கொடுங்கள். எல்லா டேட்டாபேஸுக்கும் எல்லா உரிமையும் என்று கொடுத்தால் கூடவே சர்வரின் கோப்புகளைத் தொடும் ஃபைல் உரிமையும் அந்த யூசருக்குப் போய்விடும். அப்புறம் கோடில் ஒரு எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் ஓட்டை (வெளியாட்கள் தங்கள் கட்டளையை டேட்டாபேஸில் ஓட்ட விடும் பிழை) இருந்தாலே, டேட்டாபேஸைத் தாண்டி சர்வரில் இருக்கும் கோப்புகளையும் படிக்கப் பார்ப்பார்கள். யூசரின் ஹோஸ்ட் லோக்கல்ஹோஸ்டாக இருக்கட்டும், எங்கிருந்தும் இணையலாம் என்று பொருள்படும் சதவீதக் குறி (%) வேண்டாம்.

வீட்டிலிருந்து டேட்டாபேஸைப் பார்க்க எஸ்எஸ்ஹெச் டனல் (எஸ்எஸ்ஹெச் இணைப்புக்குள்ளேயே செல்லும் பாதுகாப்பான வழி) போதும். டேட்டாபேஸைப் பார்க்க உதவும் டிபீவர் புரோகிராமில் அதற்குத் தனி டேப்பே இருக்கிறது, போர்ட்டைத் திறக்கத் தேவையில்லை. தினசரி பேக்கப் வேறொரு மெஷினுக்குப் போக வேண்டும். எல்லாம் முடிந்ததும் உங்கள் லேப்டாப்பிலிருந்து, திறந்திருக்கும் போர்ட்களைக் காட்டும் என்மேப் கருவியை வைத்து சர்வரின் 3306-ஐச் சோதியுங்கள். ஓப்பன் என்று வந்தால் மறுபடி எஸ்எஸ் கமாண்டிலிருந்து தொடங்குங்கள்.