ஜோசப் மிச்செலின் ‘மை இயர்ஸ் ஆர் பென்ட்’: பழைய பிரதி வாங்கலாமா, எதை வாங்குவது?

கேள்வி இதுதான்: 1930களின் நியூயார்க் பத்திரிகை வாழ்க்கையைப் பற்றி ஜோசப் மிச்செல் எழுதிய இந்தப் புத்தகத்தின் பழைய பிரதி வேண்டும். இணையத்தில் தேடினால் சில டாலருக்கும் கிடைக்கிறது, பல நூறு டாலருக்கும் கிடைக்கிறது. ஏன் இந்த வித்தியாசம், எதை வாங்கலாம்?

படிப்பதற்கு என்றால் மறுபதிப்பின் பழைய பிரதியை வாங்குங்கள். 1938 பிரதிதான் வேண்டும் என்றால், மேலுறை (அட்டைக்கு மேல் சுற்றியிருக்கும் தாள்) இல்லாமல், ஏதாவது ஒரு நூலகம் கழித்துவிட்ட பிரதியாகத் தேடுங்கள். என்னிடம் இரண்டும் இருக்கின்றன. இரண்டையும் வாங்கிய கதையில் நீங்கள் கேட்டதற்குப் பதில் இருக்கிறது.

ஊரில் இருந்தபோது நான் ஒரு நாளிதழில் ஆறு வருடம் க்ரைம் பீட், அதாவது குற்றச் செய்தி பார்த்தவன். காவல் நிலைய வாசலில் நின்று, டீ குடித்து, யார் என்ன பேசினாலும் கேட்டுக்கொண்டு பொழுதைக் கழிக்கும் வேலை. நியூயார்க்குக்குப் பக்கத்திலுள்ள ஜெர்சி சிட்டிக்கு வந்த பிறகு ஒரு நண்பர் மிச்செலின் பெரிய தொகுப்பான ‘அப் இன் த ஓல்ட் ஹோட்டல்’ புத்தகத்தைக் கொடுத்தார். 1992ல் வந்தது. அதைப் படித்து முடித்ததும் அவர் நிருபராக இருந்த நாட்களில் எழுதியதையும் படிக்க வேண்டும் என்று தோன்றியது. பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இல்லை. அந்தத் தொகுப்பில் அவருடைய நான்கு புத்தகங்கள் இருக்கின்றன. முதல் புத்தகமான இது மட்டும் கிடையாது. நிறையப் பேர் பெரிய தொகுப்பை வாங்கிவிட்டு எல்லாம் வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். இதைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

மிச்செல் வட கரோலினாவில் ஃபேர்மான்ட் என்ற சிற்றூர்க்காரர். 1929 அக்டோபரில், பங்குச் சந்தை சரிந்த அதே வாரத்தில், 21 வயதில் நியூயார்க்குக்கு வந்தார். ‘வேர்ல்ட்’, ‘ஹெரால்ட் ட்ரிப்யூன்’, ‘வேர்ல்ட் டெலிகிராம்’ என்று மூன்று நாளிதழ்களில் வேலை பார்த்தார். நடுவில் 1931ல் இந்தத் தொழிலே வேண்டாம் என்று அலுத்துப்போய், லெனின்கிராடுக்கு இயந்திரங்கள் கொண்டுபோகும் சரக்குக் கப்பலில் ஏறிவிட்டார். திரும்பி வந்து மறுபடியும் நிருபர் வேலை. 1938ல் நியூயார்க்கின் ஷெரிடன் ஹவுஸ் இந்தப் புத்தகத்தை வெளியிட்டது. அதே வருடம் அவர் நாளிதழை விட்டு ‘நியூயார்க்கர்’ பத்திரிகைக்குப் போனார்.

ஓயாமல் பேசி ஒருவர் காதை வளைத்துவிட்டார் என்று அமெரிக்கர்கள் சொல்வார்கள். தலைப்பு அங்கிருந்து வந்தது. நாம் ‘கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு’ என்கிறோமே, அதற்குப் பக்கத்தில் வரும். ஆனால் மிச்செலுக்குக் காது புளிக்கவே இல்லை. உள்ளே விசிறி நடனக்காரிகள், தெருவில் நின்று பிரசங்கம் செய்கிறவர்கள், பில்லி சூனியம் வைக்கிறவர்கள், பிரபு குடும்பத்துப் பட்டம் கொண்ட ஒரு குத்துச்சண்டைப் பெண், குடிகாரர்கள் என்று ஊரே இருக்கிறது. யார் பேச்சைக் கேட்கப் பிடிக்காது என்று முன்பகுதியில் ஒரு பட்டியலே போடுகிறார்: உயர்தட்டுச் சீமாட்டிகள், தொழிலதிபர்கள், பெரிய எழுத்தாளர்கள், பாதிரியார்கள், ஓரிருவர் தவிர்த்த சினிமா நடிகர்கள். விவசாயி பேச்சும் எப்போதாவது ஒரு மதுக்கடைப் பணியாளர் பேச்சும் அவருக்கு அவற்றைவிடச் சுவையானவை. க்ரைம் பீட்டில் இருந்த யாரும் இதை ஒத்துக்கொள்வார்கள். பெரிய மனிதரின் பேட்டியில் எதுவும் கிடைக்காமல், வெளியே வந்து அவருடைய ஓட்டுநரிடம் பேசித் தலைப்புச் செய்தி எடுத்த நாட்கள் எனக்கும் உண்டு.

சரி, விலைக்கு வருகிறேன். 1938க்குப் பிறகு அறுபது வருடத்துக்கு மேல் இந்தப் புத்தகம் அச்சில் இல்லை. மிச்செல் 1996ல் இறந்தார். 2001ல்தான் பாந்தியான் பதிப்பகம் கெட்டி அட்டையில் மறுபதிப்பு போட்டது, 2008ல் விண்டேஜ் பேப்பர்பேக் வந்தது. இந்த இரண்டின் பழைய பிரதிகள்தான் சில டாலருக்குக் கிடைக்கின்றன. மறுபதிப்பில் 1938 புத்தகத்தில் இல்லாத சில பத்திரிகைக் கட்டுரைகளும் சேர்ந்திருக்கின்றன. ஆகவே படிக்கிறவருக்கு மலிவான பிரதியில்தான் விஷயம் அதிகம். பல நூறு டாலர் கேட்பவை ஷெரிடன் ஹவுஸ் பதிப்பு. மேலுறை கிழியாமல் இருந்தால் விலை இன்னும் எங்கேயோ போய்விடும். அந்தக் கூடுதல் பணம் ஒரு தாளுக்காக மட்டும். சேகரிப்பாளராக இல்லாவிட்டால் கொடுக்காதீர்கள்.

நான் ஏமாந்தது எப்படி என்று சொல்கிறேன். ‘1938, கெட்டி அட்டை, 60 டாலர்’ என்று ஒரு விற்பனையாளர் போட்டிருந்தார். எவ்வளவு மலிவு என்று உடனே வாங்கிவிட்டேன். வந்தது 2001 பிரதி. காப்புரிமைப் பக்கத்தில் 1938 என்ற எண்ணும் இருந்தது, அதைப் பார்த்துப் பட்டியலில் போட்டிருக்கிறார். பணம் திரும்பி வர மூன்று வாரம் ஆனது. அதற்குப் பிறகுதான் எளிய வழி ஒன்று புரிந்தது. ஐஎஸ்பிஎன் என்பது ஒவ்வொரு பதிப்புக்கும் கொடுக்கும் அடையாள எண், 1970 வாக்கில் வந்த ஏற்பாடு. 1938 புத்தகத்தில் அந்த எண்ணும் இருக்காது, பின்னட்டையில் பார்கோடும் இருக்காது. பட்டியலில் 1938 என்று சொல்லிவிட்டுக் கீழே ஐஎஸ்பிஎன் கொடுத்திருந்தால் பெரும்பாலும் அது மறுபதிப்புதான். அட்டைப் படம் பளபளவென்று பொதுப் படமாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். அந்தப் பிரதியையே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்: தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், முதுகு. நேர்மையான விற்பனையாளர் அரை நாளில் அனுப்பிவிடுவார்.

இன்னொன்று, பழைய புத்தக வியாபாரத்தில் ‘குட்’ என்றால் நல்ல பிரதி என்று அர்த்தம் இல்லை. ‘ஃபைன்’, ‘வெரி குட்’ இரண்டுக்கும் கீழே வரும் படி அது. பைண்டிங் ஆடலாம், ஓரம் நைந்திருக்கலாம், உள்ளே யாராவது கோடு போட்டிருக்கலாம். படிக்க அது போதும். ஆனால் ஈர வாசனை அடிக்கிறதா என்று மட்டும் கட்டாயம் கேளுங்கள். பூஞ்சை பிடித்த ஒரு புத்தகம் அலமாரியில் பக்கத்தில் இருக்கிறவற்றையும் கெடுத்துவிடும். பழுப்புப் புள்ளிகளுக்குப் பயப்பட வேண்டாம், அது அந்தக் காலத்துக் காகிதத்தில் வயதானால் வருவது.

என்னுடைய 1938 பிரதி நேரில் போய் வாங்கியது. நியூயார்க்கில் ஒரு காலத்தில் பழைய புத்தகம் என்றால் ஃபோர்த் அவென்யூதான். யூனியன் ஸ்கொயருக்கும் ஆஸ்டர் பிளேஸுக்கும் நடுவில் டஜன் கணக்கில் கடைகள், ‘புக் ரோ’ என்று பெயர். 1927ல் அந்தத் தெருவில் தொடங்கிய ஸ்ட்ராண்ட் மட்டும் பிராட்வேயும் 12ஆம் தெருவும் சந்திக்கும் இடத்துக்கு மாறி இன்றும் நடக்கிறது. வாரக் கடைசியில் அந்தப் பக்கம் சுற்றுவது எனக்கு வழக்கம். ஆனால் பிரதி கிடைத்தது அங்கே இல்லை. நியூயார்க் மாநிலத்தின் வடக்கே காரில் போனபோது ஒரு களஞ்சியத்தை மாற்றிக் கடையாக வைத்திருந்த ஒரு பெரியவரிடம். முதுகில் வெள்ளை மையில் நூலக எண், பின்னட்டையின் உள்ளே அட்டை வைக்கும் பை, தேதி முத்திரை குத்திய சீட்டு. மேலுறை இல்லை. 90 டாலர் சொன்னார், பேரம் பேசாமல் கொடுத்தேன். சேகரிப்பாளர்கள் நூலகப் பிரதியைத் தொட மாட்டார்கள், அதனால்தான் அந்த விலை.

தேதிச் சீட்டில் நாற்பதுகளின் முத்திரைகள் நெருக்கமாக இருக்கின்றன, பிறகு இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. எனக்கு அந்தச் சீட்டு மேலுறையைவிடப் பெரிது. ஏனென்றால் மிச்செல் வேலை பார்த்த மூன்று பத்திரிகைகளும் இன்று இல்லை. ‘வேர்ல்ட்’ 1931 பிப்ரவரியில் விற்கப்பட்டு ‘டெலிகிராம்’ பத்திரிகையோடு சேர்ந்தது. 1962 டிசம்பரில் தொடங்கி 114 நாள் நீடித்த அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நியூயார்க் நாளிதழ்களின் இடுப்பை ஒடித்துவிட்டது. 1966ல் ‘ஹெரால்ட் ட்ரிப்யூன்’, ‘வேர்ல்ட் டெலிகிராம்’, இன்னொரு நாளிதழ் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் புதிய பத்திரிகை தொடங்கினார்கள். 1967 மே மாதத்தில் அதுவும் நின்றது. நியூஸ்பிரிண்ட் என்ற நாளிதழ்க் காகிதம் பழசானால் தொட்டதும் உதிரும். அந்த இதழ்களைப் பார்க்க வேண்டும் என்றால் இன்று மைக்ரோஃபிலிமோ டிஜிட்டல் பிரதியோதான் பெரும்பாலும் வழி. அந்தப் பக்கங்களில் ஒரு நாள் வாழ்ந்து மறுநாள் மீன் சுற்றப் போன எழுத்து, நல்ல காகிதத்தில், தைத்த கட்டில் என் கையில் இருக்கிறது. இதற்காக 90 டாலர் எனக்கு அதிகமாகத் தெரியவில்லை.

மிச்செலே இப்படிப்பட்டவர்தான். பிற்காலத்தில் இடிக்கிற கட்டிடங்களுக்குள் போய் கதவுக் குமிழ், ஆணி, செங்கல் எல்லாம் எடுத்துவந்து சேர்த்து வைத்தார். 1964க்குப் பிறகு சாகும்வரை பெரிதாக எதையும் வெளியிடவில்லை, ஆனாலும் ‘நியூயார்க்கர்’ அலுவலகத்துக்குப் போய்வந்தார்.

படிக்கும்போது ஒன்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த ஹார்லெம் பற்றிய பகுதிகளில் கறுப்பின மக்களைக் குறிக்க அந்தக் காலத்துச் சொற்கள் வருகின்றன. சில இடங்களில் எனக்கு உறுத்தியது. ஆனாலும் மற்ற நிருபர்கள் எட்டிப் பார்க்காத வீடுகளில் அவர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார் என்பதும் அதே பக்கங்களில் தெரிகிறது.

இந்தியாவிலிருந்து வாங்குகிறீர்கள் என்றால் புத்தக விலையை மட்டும் பார்க்காதீர்கள், தபால் செலவு பல நேரம் அதைத் தாண்டிவிடும். அமெரிக்காவில் உறவினர் இருந்தால் அவர் முகவரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். இங்கே புத்தகங்களுக்கென்று மலிவான தபால் வகை உண்டு, மெதுவாக வரும், அவ்வளவுதான். 2008 பேப்பர்பேக் முதலில் வரட்டும். வந்ததும் தலைப்புக் கட்டுரையை மட்டும் ஒரே மூச்சில் படியுங்கள். அது பிடித்திருந்தால் 1938 பிரதியைத் தேட ஆரம்பிக்கலாம். அப்போது பட்டியலில் ஏதாவது குழப்பமாக இருந்தால் படத்தை இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.