சொந்தக் காட்டை வேட்டைக்கு விடலாமா?

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், மதுரை, திண்டுக்கல் பகுதிகளில் வனச்சரக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர்)

கேள்வி: அழகர்மலை அடிவாரத்தில், நத்தம் போகும் பக்கம் எங்களுக்கு 22 ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. ஏழெட்டு ஏக்கரில் மாவும் புளியும். மீதி பாறையும் முள்ளும் மரமுமாகக் காடாகவே கிடக்கிறது. என் மச்சினர் அமெரிக்காவில் டெக்சாஸில் வேலை பார்க்கிறார். அங்கே நிலக்காரர்கள் தங்கள் காட்டை வேட்டைக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டு நல்ல வருமானம் பார்க்கிறார்களாம். 'உங்க காட்டிலும் பன்றி, முயல், மயில் எல்லாம் திரியுதே, சும்மா ஏன் போட்டு வச்சிருக்கீங்க?' என்கிறார். மதுரையில் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கும் இரண்டு பேர், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்துபோக வருஷத்துக்கு 60 ஆயிரம் தருவதாகச் சொல்கிறார்கள். சொந்த இடம்தானே ஐயா, தப்பு உண்டா?
— பெயர் வேண்டாம், நத்தம் சாலை

பதில்: பெயரைப் போடாமல் எழுதியது நல்ல காரியம். அந்த இரண்டு பேரிடம் முன்பணம் எதுவும் வாங்கியிருந்தால் இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மச்சினர் பொய் சொல்லவில்லை. டெக்சாஸில் நிலத்தில் பெரும்பங்கு தனியார் கையில் இருக்கிறது. மான் வேட்டைக்குப் போக வேண்டும் என்றால் பெரும்பாலும் யாராவது ஒருவருடைய வேலியைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் அங்கே இது நூறு வருஷப் பழக்கமுள்ள தொழில். ஆனால் அவர் உங்களுக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறார். அங்கேயும் காட்டில் திரியும் மான் நிலக்காரருக்குச் சொந்தமில்லை. அது பொதுமக்கள் சொத்து, மாநில அரசின் பொறுப்பு. எத்தனை மான், எந்த மாதம், கொம்புள்ளதா இல்லாததா என்பதையெல்லாம் அரசுதான் சொல்லும். வேட்டைக்காரர் அரசிடம் தனியாக லைசென்ஸ் வாங்க வேண்டும். நிலக்காரர் விற்பது ஒன்றே ஒன்றுதான்: கேட்டைத் திறந்துவிடும் உரிமை.

அந்த ஒன்றுக்கே பக்கம் பக்கமாக ஒப்பந்தம் எழுதுகிறார்கள். எத்தனை துப்பாக்கி வரலாம், விருந்தாளி யாரையாவது கூட்டிவரலாமா, வண்டி எந்தத் தடத்தில் போகலாம், மாடு மேயும் பக்கம் சுடலாமா, கேட்டைப் பூட்டாமல் போனால் யார் பொறுப்பு, யாருக்காவது குண்டு பட்டால் காப்பீடு யாருடையது என்று எல்லாம் அதில் இருக்கும். சிலர் வருஷம் முழுக்க விடுகிறார்கள், சிலர் மான் பருவத்துக்கு மட்டும், சிலர் புறாச் சுட ஒரு நாள் இரண்டு நாள். நம் ஊரில் மாந்தோப்பைப் பூ எடுக்கும்போதே ஏலக்காரரிடம் விட்டுவிடுகிறோமே, கிட்டத்தட்ட அப்படி. வித்தியாசம், நம் மாங்காய் நமக்குச் சொந்தம். அவர்கள் மான் அவர்களுக்குச் சொந்தமில்லை.

பன்றி விஷயத்தில் மட்டும் அங்கே கை தாராளம். டெக்சாஸ் பன்றி அந்த மண்ணின் விலங்கு இல்லை. ஐரோப்பியர் கப்பலில் கொண்டுவந்து இறக்கியது, காட்டுக்குள் போய்ப் பெருகிவிட்டது. தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதம் இருந்தால் லைசென்ஸ்கூட இல்லாமல் அதைச் சுடலாம். ஹெலிகாப்டரில் பறந்து சுடுவதற்கே 2011-இல் சட்டம் போட்டுக் காசு வாங்குகிறார்கள். உங்கள் மச்சினர் இதைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டிருப்பார். நம் காட்டுப்பன்றி அப்படி வந்தேறி இல்லை. சிறுத்தைக்கும் புலிக்கும் அதுதான் சாப்பாடு.

இனி நம் ஊர்ச் சட்டம். 1972-இல் வந்த வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது, 1991-இல் வந்த திருத்தம் தடையே செய்துவிட்டது. அதற்கு முன்னால் இங்கேயும் வேட்டை லைசென்ஸ் உண்டு. நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் 1879-லேயே அதற்கென்று சட்டம் போட்டு, எந்த மாதம் எதைச் சுடலாம் என்று வகுத்து வைத்திருந்தார்கள். அந்தக் காலம் முடிந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கு உங்களிடம் பணம் நீட்டும் இரண்டு பேருக்கும் பொழுதுபோக்கு வேட்டைக்கு லைசென்ஸ் கொடுக்க இந்த நாட்டில் எந்த அலுவலகமும் கிடையாது. அவர்கள் கையில் இருப்பது துப்பாக்கி வைத்திருக்கும் லைசென்ஸ். அதைக் காட்டி வேட்டைக்கு வருவது, டிரைவிங் லைசென்ஸைக் காட்டி ரயில் ஓட்டக் கேட்பதுதான்.

பட்டா நிலம், காப்புக்காடு என்ற பாகுபாடு இதில் இல்லை. சுடுவது மட்டும்தான் வேட்டை என்றும் நினைக்காதீர்கள். கண்ணி வைப்பது, வலை கட்டுவது, விரட்டிப் பிடிப்பது, கொல்வதற்காக இரை போட்டு வரவழைப்பது, இதற்கெல்லாம் முயற்சி செய்வதுகூடச் சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். மயில் அந்தச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அதைக் கொன்றால் 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். பன்றியும் முயலும் இரண்டாம் பட்டியல். அதற்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. உங்கள் வேலிக்குள் ஒரு மயில் தானாகச் செத்துக் கிடந்தாலும் அது அரசாங்கச் சொத்து.

'நான் சுடவில்லையே, இடம்தானே கொடுத்தேன்' என்று நீங்கள் சொல்லலாம். உடந்தை என்ற வார்த்தை சட்டத்தில் இருக்கிறது. நான் வேலையில் இருந்தபோது ஒரு தோப்பு வழக்கு வந்தது. 'கௌதாரிதான் சுடுவோம்' என்று சொல்லி வந்தவர்கள் ராத்திரியில் டார்ச் அடித்து மானைச் சுட்டிருக்கிறார்கள். தோப்புக்காரருக்கு வந்தது இரண்டு கிலோ கறியும் கொஞ்சம் பணமும். எங்கள் ஜீப் போய் நின்றபோது சுட்டவர்கள் ஓடிவிட்டார்கள். தோப்பு ஓடாதே. பட்டாவில் யார் பேர் இருந்ததோ அவர்தான் மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு நடையாய் நடந்தார்.

சரி, வருமானத்துக்கு வருவோம். உங்களிடமும் விற்கக்கூடிய பொருள் அந்த டெக்சாஸ்காரரிடம் இருப்பதுதான்: கேட். அதைத் துப்பாக்கிக்குத் திறக்க முடியாது, கேமராவுக்குத் திறக்கலாம்.

கேரளாவில் தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்தைச் சுற்றி வீடு வைத்திருப்பவர்கள் பலர் இதைத்தான் செய்கிறார்கள். மரத்தடியில் சின்னதாக ஒரு தண்ணீர்த் தொட்டி, எதிரே பச்சைத் துணி கட்டிய மறைவிடம், உள்ளே நாலு நாற்காலி. பறவைப் படம் எடுப்பவர்கள் நாள் கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். அழகர்மலைப் பக்கத்துப் புதர்க்காட்டுக்கு ஐப்பசி, கார்த்திகையில் ஆறுமணிக் குருவி வந்து இறங்கும். அந்த ஒரு குருவிக்காகவே பெங்களூரிலிருந்து வண்டி எடுத்து வருபவர்களை எனக்குத் தெரியும். கோடையில் தொட்டியில் தண்ணீர் வைத்தால் நான் சொல்லாமலே மற்றவை வரும். மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியை 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த பிறகு, மதுரைக்குப் பறவை பார்க்க வரும் கூட்டமே தனியாக உருவாகியிருக்கிறது. அவர்களுக்குக் காலை ஐந்தரைக்கு ஒரு டீயும், போக ஒரு கழிப்பறையும், ஒன்பது மணிக்கு இட்லியும் கொடுக்க ஆள் இல்லை என்பதுதான் என் காதில் விழும் புகார். உங்கள் வீட்டுப் பெண்கள் சம்மதித்தால், அவர்கள் பேரிலேயே கணக்கு வைத்து அந்தக் காசை அவர்களுக்கே கொடுங்கள்.

முதல் வருஷமே 60 ஆயிரம் வரும் என்று நான் சொல்லமாட்டேன். தொட்டிக்குப் பறவை பழகவே ஒரு கோடை ஆகும். அதற்குள் தேனீக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். மார்த்தாண்டம் பக்கமிருந்து பூ இருக்கும் இடம் தேடிப் பெட்டிகளோடு ஊர் ஊராகப் போகிறவர்கள் அவர்கள். உங்களிடம் மாம்பூவும் புளியம்பூவும் காட்டுப்பூவும் அடுத்தடுத்து இருக்கிறது. பெரிய வாடகை வராது, தேனும் கொஞ்சம் காசும் வரும், மாவில் காய்ப்பும் கூடும். சீமைக்கருவேலம் மண்டியிருந்தால் வெட்டிக் கரிமூட்டம் போடுபவருக்கு விடுங்கள். ஆனால் உசிலை, வெப்பாலை, காட்டுவேம்பு எதையும் சேர்த்து வெட்டிவிடாமல் கூடவே நில்லுங்கள். அவை போய்விட்டால் நான் மேலே சொன்ன எதுவும் நடக்காது.

எதைச் செய்வதற்கு முன்னாலும் தாலுகா அலுவலகத்தில் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பாருங்கள். உங்கள் நிலம் தனியார் காடு என்ற கணக்கில் வந்தால், 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கான மாவட்டக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்கவோ அடகு வைக்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. வனத்துறை எல்லைக் கல்லும் உங்கள் சர்வே கல்லும் எங்கே சந்திக்கின்றன என்பதை வனக்காவலரைக் கூட்டிப்போய் நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். தாத்தா காட்டிய எல்லை வேறு, படத்தில் இருப்பது வேறு என்பது மலையடிவாரத்தில் சர்வ சாதாரணம்.

கேள்வி: மேலே உள்ளவர் கதை வேறு. எனக்குக் கடலையும் மக்காச்சோளமும் பன்றியால் போகிறது. வாடிப்பட்டி பக்கம். அரசே சுட அனுமதி கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார்களே, ஆள் வைத்துச் சுடலாமா?
— ஒரு விவசாயி

பதில்: அனுமதி விவசாயிக்கு இல்லை, வனத்துறைக்கு. 2025 ஜனவரியில் தமிழக அரசு போட்ட ஆணையின் சாரம் இதுதான்: காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் என்றால், முறையாக முடிவெடுத்து வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் சுடலாம். ஆகவே முதல் வேலை, உங்கள் வயல் எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்வது. இரண்டாவது, சேதமான அன்றைக்கே படம் எடுத்து வி.ஏ.ஓ.வுக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுப்பது. நாலு பேர் சேர்ந்து கொடுத்தால் மனு சீக்கிரம் நகரும். இது அலுவலகத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் சொல்வது.

அவுட்டுக்காய் (இரைக்குள் வைக்கும் நாட்டு வெடி) வைக்கலாம் என்று எவனாவது சொன்னால் அடித்து விரட்டுங்கள். பன்றிக்கு வைத்ததைப் பசுமாடு கடித்து வாய் கிழிந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். வேலிக்கு நேரடியாகக் கரண்ட் கொடுப்பது அதைவிட மோசம். விடிகாலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிற உங்கள் அண்ணன் தம்பிதான் முதலில் மிதிப்பான். சோலார் வேலி போடுங்கள். காடு பக்கத்தில் இருந்தால் அதற்கும் வனத்துறையில் பதிவும் அனுமதியும் வேண்டும், கேட்டுக்கொண்டு போடுங்கள்.

கேள்வி: எங்கள் தோப்பில் பறவைப் படம் எடுக்க ஒரு குழு மூன்று வருஷக் குத்தகை கேட்கிறது. எழுதிக் கொடுக்கலாமா? வருமானத்துக்கு வரி உண்டா?
— ஓர் ஆசிரியை, சிறுமலை அடிவாரம்

பதில்: மூன்று வருஷம் வேண்டாம் அம்மா. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். இடத்தின் அனுபவமும் அவர்கள் கைக்குப் போய்விடும். வந்துபோகும் அனுமதி என்று மட்டும் எழுதி, நாள் கட்டணமாக வாங்குங்கள். சாவி உங்களிடமே இருக்கட்டும். செல்போனில் பறவைக் குரலைப் போட்டு வரவழைக்கக் கூடாது, கூட்டுக்குப் பக்கத்தில் போகக் கூடாது, டிரோன் கூடாது, இருட்டிய பிறகு யாரும் இருக்கக் கூடாது என்று நாலு வரி கட்டாயம் சேருங்கள். கடைசி வரி தேவாங்குக்காக. உங்கள் பக்கத்தில் அது உண்டு. ராத்திரியில் அதன் கண்ணில் டார்ச் அடித்துப் படம் எடுக்க ஆசைப்படுபவர்கள் வருவார்கள், எவ்வளவு கொடுத்தாலும் விடாதீர்கள்.

வரி உண்டு. மாங்காய் விற்ற பணம் விவசாய வருமானம், அதற்கு விலக்கு. படம் எடுக்க வாங்கும் கட்டணம் நிலத்திலிருந்து வந்தாலும் விவசாய வருமானம் ஆகாது. ஆடிட்டரிடம் இரண்டையும் தனித்தனிக் கணக்காகக் கொடுங்கள்.

கேள்வி: சிவராத்திரிக்குப் பாரிவேட்டை போவது எங்கள் ஊர் வழக்கம். சாமி காரியத்துக்கும் கேஸா?
— இளைஞர், சிங்கம்புணரி பக்கம்

பதில்: ஆமாம், கேஸ்தான் தம்பி. முயல் சாமிக்கா வீட்டுக்கா என்று சட்டம் கேட்பதில்லை. கம்பும் மேளமுமாகக் காட்டைச் சுற்றி வந்து கும்பிடுவதை யாரும் தடுக்கப் போவதில்லை. உங்கள் பக்கத்திலேயே, திருப்பத்தூர் அருகே கொள்ளுகுடிப்பட்டியில், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. அதுவும் ஊர் வழக்கம்தான்.

கேள்வி: வேலி ஓரத்தில் பைக் கிளட்ச் ஒயரில் செய்த கண்ணி இரண்டு கிடந்தது. அறுத்து எறிந்துவிட்டேன். அது போதுமா?
— பாலமேடு வாசகர்

பதில்: அறுப்பதற்கு முன்னால் படம் எடுத்திருக்க வேண்டும். இரண்டு கிடந்தால் வரிசையாகப் பத்து இருக்கும், அதே தடத்தில் இருபக்கமும் நடந்து பாருங்கள். வைத்தவன் எடுக்க வருவது பெரும்பாலும் விடியும் முன். நீங்கள் தனியாகப் போய்க் காத்திருக்க வேண்டாம், வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். சொன்ன தேதியையும் யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் டைரியில் எழுதி வையுங்கள். நாளைக்கு உங்கள் வேலியில் ஏதாவது மாட்டிச் செத்தால் அந்த ஒரு வரிதான் உங்களுக்குச் சாட்சி.